பெட்ஃபோர்ட் சதுக்கத்தைப் படிப்பது எப்படி: லண்டன் தோட்டச் சதுக்கத்துக்கு ஒரு கள வழிகாட்டி

லண்டன் பெட்ஃபோர்ட் சதுக்கத்தில் கால் வைத்ததும் கண் நேராக நடுவிலிருக்கும் பெரிய மரங்களுக்குத்தான் போகும். அவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தோட்டச் சதுக்கம் என்று பெயர் இருந்தாலும், இங்கே அதிகம் மாறியது தோட்டம்தான். சுற்றியுள்ள வீட்டு வரிசைகள் 1775-க்கும் 1783-க்கும் இடையில் எழுந்தவை. நான்கு பக்கமும் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன. ப்ளூம்ஸ்பரி வட்டாரத்தில் இவ்வளவு முழுமையாகப் பிழைத்த பதினெட்டாம் நூற்றாண்டுச் சதுக்கம் வேறு கிடையாது. கற்றுக்கொள்ள இதுவே நல்ல இடம்.

வரிசையை முதலில் பார்க்கும்போது ஏதோ அரண்மனை என்று தோன்றும். அப்படித் தோன்ற வேண்டும் என்றுதான் கட்டினார்கள். உண்மையில் அந்த முகப்பைத் தீர்மானித்தவை மூன்று: ஒரு குத்தகைப் பத்திரம், தீக்குப் பயந்து எழுதிய சட்டங்கள், செங்கல்லில் மிச்சம் பிடிக்கப் பார்த்த கட்டடக்காரரின் கணக்கு. மூன்றையும் தெருவில் நின்றபடியே பிரித்துப் பார்க்கலாம். நிதானமாகச் செய்தால் மூன்று மணி நேரம் பிடிக்கும்.

போகும் முன்

நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் பாதிவரை போவது நல்லது. மரங்களில் இலை இருந்தால் எதிர் வரிசையை முழுதாகப் பார்க்க முடியாது. கோடையில் எடுத்த படங்கள் பெரும்பாலும் பச்சைத் திரையையும் அதற்கு மேலே எட்டிப்பார்க்கும் புகைபோக்கிகளையும்தான் காட்டும்.

நேரம் அதைவிட முக்கியம். மேற்கு வரிசை வீடுகள் கிழக்கு பார்த்தவை, காலை வெயில் அவற்றுக்கு. கிழக்கு வரிசைக்குப் பிற்பகல் வெயில். வடக்கு வரிசைக்குப் பகல் முழுவதும் வெளிச்சம். ஆனால் நேராக அடிக்கும் வெயிலில் சுவர் தட்டையாகத்தான் தெரியும். புடைப்பும் பள்ளமும் காரை வரிகளும் எழுந்து தெரிய வேண்டுமென்றால் வெயில் சுவரை உரசிக்கொண்டு போக வேண்டும்.  மேற்கு வரிசையை வெயில் அதைவிட்டு விலகுவதற்குச் சற்று முன்பும், கிழக்கு வரிசையை வெயில் அதில் விழத் தொடங்கியதும் பாருங்கள். அந்த நேரத்தில் தெரிவது மற்ற நேரங்களில் தெரியாது. தெற்கு வரிசை வடக்கு பார்த்தது. குளிர்காலத்தில் அதன் முகப்பில் வெயிலே படாது. ஈரத்தால் வரும் கோளாறுகளை அங்கேதான் முதலில் தேட வேண்டும்.

கையில் எட்டு மடங்கு பெருக்கும் சிறிய பைனாகுலர், ஒரு டேப், குறிப்பேடு போதும். வீட்டிலேயே இரண்டு பழைய வரைபடங்களைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஜான் ராக் 1746-ல் வெளியிட்ட வரைபடத்தில் இந்த இடம் வெறும் வயல். 1790-களில் ரிச்சர்ட் ஹார்வுட் வெளியிட்டதில் ஒவ்வொரு வீடும் தனித்தனியாக வரையப்பட்டிருக்கிறது. ஹார்வுட் காட்டும் வீட்டு எல்லைகளைப் படியெடுத்துக் கையில் வைத்திருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வீடுகளில் இப்போது பெரும்பாலும் அலுவலகங்கள். நடைபாதையில் நின்று பார்க்க யாரும் தடுக்கமாட்டார்கள். படியேறுவதும் வீட்டுக்கு முன்னுள்ள கீழ்ப்பள்ளத்தில் இறங்குவதும் கூடாது.

குத்தகையிலிருந்து தொடங்குங்கள்

இந்த நிலம் ரஸ்ஸல் குடும்பத்துடையது. அந்தக் குடும்பத்தின் தலைவர்தான் பெட்ஃபோர்ட் பிரபு. 1630-களில் கோவென்ட் கார்டனில் கட்டடக் கலைஞர் இனிகோ ஜோன்ஸை வைத்து லண்டனின் முதல் திட்டமிட்ட சதுக்கத்தைக் கட்டியவர்களும் இவர்கள்தான். 1669-ல் நடந்த ஒரு கல்யாணத்தின் வழியாக ப்ளூம்ஸ்பரியும் இவர்கள் கைக்கு வந்தது. நான்காம் பிரபு 1771-ல் இறந்தபோது வாரிசான பேரனுக்கு ஆறு வயதுகூட நிரம்பவில்லை. பெட்ஃபோர்ட் சதுக்கத்தைக் கிளப்பிவிட்டவர் அந்தப் பையனின் பாட்டி, விதவையான பிரபுப் பெருமாட்டி கெர்ட்ரூட். வழிகாட்டிப் புத்தகங்கள் கட்டடக் கலைஞர் தாமஸ் லெவர்டன் பெயரைத்தான் பெரிய எழுத்தில் போடும். அவருக்கு உறுதியாகத் தரக்கூடியது சில வீடுகளின் வேலை. 13-ஆம் எண் வீட்டில் அவரே குடியிருந்தார். சதுக்கம் எழக் காரணமான பெயர்கள் வேறு: பணத்தைப் போட்டுக் கட்டிய வில்லியம் ஸ்காட், ராபர்ட் க்ரூஸ் என்ற இரண்டு கட்டடக்காரர்கள்.

ஏற்பாடு இப்படி. நிலத்தை விற்கவில்லை, 1775-லிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார்கள். கட்டடக்காரர் தன் செலவில் வீடு கட்ட வேண்டும். கட்டி முடியும்வரை மனை வாடகை பெயருக்குத்தான். இங்கிலாந்துப் பத்திரங்களில் அதை ஆண்டுக்கு ஒரு மிளகு என்றே எழுதுவது வழக்கம். அதற்குள் வீட்டின் கூட்டை எழுப்பி, மீதிக் குத்தகையை விற்றுவிட்டால் கட்டடக்காரர் தப்பித்தார். தமிழ்நாட்டில் கோயில் மனையில் வீடு கட்டி அடிமனை வாடகை செலுத்துகிறவர்களுக்கு இது உடனே புரியும். ஒரே வித்தியாசம், காலம் முடிந்ததும் மனையோடு வீடும் பிரபுவுக்குப் போய்விடும்.

இதிலிருந்து களத்தில் பயன்படும் மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. முகப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தம் கட்டிப்போட்டது. உள்ளே எப்படி முடிப்பது என்பது பெரும்பாலும் குத்தகையை வாங்கியவரின் விருப்பம். எனவே வெளியே ஒன்றுபோல இருக்கும் பத்து வீடுகளுக்கு உள்ளே பத்து விதமான கூரைப் பூவேலையும் படிக்கட்டும் இருக்கும். இரண்டாவது, 99 ஆண்டில் திரும்பக் கொடுக்க வேண்டிய வீட்டுக்கு நூற்றைம்பது ஆண்டு ஆயுசு கொடுக்கக் கட்டடக்காரருக்கு ஒரு காரணமும் இல்லை. செங்கல் பகுதிக்கு வரும்போது இதை மறக்காதீர்கள். மூன்றாவது, எந்தச் சதுக்கத்திலும் குத்தகை தொடங்கிய ஆண்டோடு 99-ஐக் கூட்டிப் பாருங்கள். அந்த ஆண்டையொட்டி முகப்பில் ஏதாவது மாறியிருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் புதுப்பிக்கும்போது நில உடைமையாளர் நிபந்தனை போடுவார். பக்கத்திலுள்ள ரஸ்ஸல் சதுக்கத்தில் 1800-ஐ ஒட்டிக் கட்டிய செங்கல் வீடுகளில் 1890-களின் சுடுமண் அலங்காரம் ஒட்டிக்கொண்டிருப்பது இந்தக் கணக்கில்தான்.

ஒரு வரிசை முழுவதையும் ஒரே கட்டடமாகப் பாருங்கள்

கிழக்கு வரிசைக்கு எதிரே, தோட்டக் கிராதியில் முதுகு படும்படி நில்லுங்கள். 2-லிருந்து 10 வரை ஒன்பது வீடுகள். நடுவில் 6-ஆம் எண், ஐந்து ஜன்னல் அகலம். அதற்கு மட்டும் வெண்காரை பூசி, அரைத்தூண்கள் வைத்து, மேலே முக்கோண முகப்பு ஏற்றியிருக்கிறார்கள். இருபுறமும் மூன்று ஜன்னல் அகலச் செங்கல் வீடுகள். சேர்த்துப் பார்த்தால் நடு மாளிகையும் இரண்டு சிறகுகளும் கொண்ட ஒரே அரண்மனை. நடு வீட்டுக்குக் கிடைத்த மரியாதை சும்மா இல்லை: இங்கிலாந்தின் தலைமை நீதியமைச்சராக இருந்த எல்டன் பிரபு அதில் குடியிருந்தார். 1-ஆம் எண் இந்தச் சமச்சீரில் சேராது. லெவர்டனின் கைவண்ணமான அந்த வீட்டின் வாசல், மற்ற வீடுகளைப் போல ஓரத்தில் இல்லாமல் நடுவிலேயே இருக்கிறது.

இப்போது அரண்மனையை வீடுகளாகப் பிரியுங்கள். பொதுச் சுவர் எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிக்க மேலே பாருங்கள்: புகைபோக்கித் தொகுதிகள் பொதுச் சுவரின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். ஒரு தொகுதியில் உள்ள மண்குழாய்களை எண்ணினால் இருபக்க வீடுகளிலும் எத்தனை கணப்படுப்புகள் இருந்தன என்று தோராயமாகத் தெரியும், ஒரு அடுப்புக்கு ஒரு குழாய். பிறகு கண்ணைக் கீழே இறக்குங்கள்; மழைநீர்க் குழாய், கிராதியில் வரும் மாற்றம், செங்கல்லின் நிறம் மாறும் நேர்க்கோடு ஆகியவை அதே எல்லையில் விழும். ஹார்வுட் வரைபடத்தோடு ஒப்பிட்டால் இரண்டு வீடுகளை ஒன்றாக்கிய இடங்கள் பிடிபடும். மேற்கு வரிசையில் 34-லிருந்து 36 வரை கட்டடக் கலைப் பள்ளியான ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன் 1917 முதல் இருக்கிறது. வாசல்கள் தனித்தனி, உள்ளே போக்குவரத்து ஒன்று.

வடக்கு, தெற்கு வரிசைகளில் ஒரு சங்கடம் காத்திருக்கிறது. அங்கே முக்கோண முகப்புக்குக் கீழே ஒரு வீடு இல்லை, இரண்டு வீடுகள். மையக்கோடு பொதுச் சுவரில் விழுகிறது. அங்கே ஜன்னல் வைக்க முடியாது, அதனால் அரைத்தூண் ஒன்றை நட்டுவிட்டார்கள். செவ்வியல் மரபு தெரிந்தவருக்கு இது பல்லில் கல் கடிபட்ட மாதிரி: மையத்தில் வாசலோ ஜன்னலோ வர வேண்டும், தூண் வரக் கூடாது. தேர்ந்த ஒரு கட்டடக் கலைஞர் நான்கு பக்கத்தையும் தானே வரைந்திருந்தால் இதை விட்டிருக்கமாட்டார் என்று பலர் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. இது குத்தகைக் கணக்கு வரைந்த கோடு.

சட்டம் எழுதிய முகப்பு

1666 பெருந்தீக்குப் பிறகு லண்டன் வீட்டு முகப்பில் மரம் எவ்வளவு வெளியே தெரியலாம் என்பதைச் சட்டங்கள் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தன. இந்த வரிசை தெரிந்தால் ஒரு வீட்டின் வயதைப் பத்து இருபது ஆண்டுப் பிழையோடு சொல்லிவிடலாம்.

1707-ல் வந்த சட்டம் கூரை ஓரத்தில் மரப் பிதுக்கம் வைப்பதைத் தடுத்தது. விளைவு, சுவரையே மேலே உயர்த்திக் கைப்பிடிச் சுவராக்கி, கூரையை அதற்குப் பின்னால் ஒளித்தார்கள். 1709-லிருந்து ஜன்னலின் மரச் சட்டகம் சுவர் முகத்திலிருந்து நான்கு அங்குலம் உள்ளே போக வேண்டியிருந்தது. 1774-ல் வந்த கட்டடச் சட்டம், மேலும் கீழும் நகர்த்தித் திறக்கும் சாஷ் ஜன்னலின் எடைக்கற்கள் ஓடும் மரப் பெட்டியையே செங்கல்லுக்குப் பின்னால் மறைக்கச் சொன்னது. பெட்ஃபோர்ட் சதுக்கம் அடுத்த ஆண்டே தொடங்கியதால் இங்கே ஜன்னலைச் சுற்றி ஒல்லியான மர விளிம்பு மட்டும் தெரிகிறது. வித்தியாசத்தை நேரில் பார்க்க வெஸ்ட்மின்ஸ்டரில் குவீன் ஆன்ஸ் கேட் தெருவுக்குப் போங்கள்: 1704-5-ல் கட்டிய வீடுகளில் மரச் சட்டகம் சுவர் முகத்தோடு சமமாக, அகலமாக நிற்கும், மேலே மரப் பிதுக்கமும் இருக்கும்.

அதே 1774 சட்டம் வரிசை வீடுகளை நான்கு தரமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் சுவர்க் கனம் விதித்தது. தரைப்பரப்பு 900 சதுர அடிக்கும் மதிப்பு 850 பவுண்டுக்கும் மேல் போனால் முதல் தரம். 500 முதல் 900 சதுர அடி, 300 முதல் 850 பவுண்டு என்றால் இரண்டாம் தரம். 350 முதல் 500 சதுர அடி, 150 முதல் 300 பவுண்டு என்றால் மூன்றாவது. அதற்கும் கீழே போனால் நான்காவது. தரத்தைத் தெருவிலிருந்து கணிக்க, நடைபாதையில் வீட்டின் அகலத்தை அடியில் அளந்து, ஆழத்தை வரைபடத்திலிருந்து எடுத்துப் பெருக்குங்கள். 24 அடி அகலமும் 40 அடி ஆழமும் இருந்தால் 960 சதுர அடி, முதல் தரம். உயரம் வேண்டுமென்றால் செங்கல் வரிசைகளை எண்ணலாம்: லண்டன் பழைய செங்கல்லில் காரையோடு சேர்த்து நான்கு வரிசை ஏறத்தாழ ஓர் அடி. முதலில் கண் மட்டத்தில் டேப் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், பிறகு எண்ணுங்கள்.

ஜன்னல்களின் உயரம் வீட்டுக்குள் யார் எங்கே இருந்தார்கள் என்பதைச் சொல்லிவிடும். முதல் மாடி ஜன்னல்தான் மிக உயரமானது, அகலத்தைப் போல இரண்டு மடங்கு. அங்கே வரவேற்பு அறை. இரண்டாம் மாடியில் குறையும், அங்கே படுக்கையறைகள். உச்சியில் சதுரத்தை நெருங்கும். குழந்தைகளுக்கும் வேலையாட்களுக்கும் ஒதுக்கிய தளம் அது. தரைத்தளத்தில் சாப்பாட்டு அறை முன்பக்கம் இருந்தது.

கண்ணாடி அசலா என்று பார்க்க நேராக நிற்காதீர்கள்; பக்கவாட்டில் நடந்துகொண்டே எதிரொளியைப் பாருங்கள். ஊதிச் சுழற்றிச் செய்த பழைய கண்ணாடியில் மரக்கிளை நெளியும். இருபதாம் நூற்றாண்டுக் கண்ணாடியில் கிளை நேராக நிற்கும். சாஷ் சட்டகத்தின் கீழ் மூலைகளில் கொம்பு போல மரம் நீட்டிக்கொண்டிருந்தால் அந்தச் சட்டகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்தியது; பெரிய கனமான கண்ணாடி வந்தபோது மூட்டுக்குப் பலம் தர அதைச் சேர்த்தார்கள். மேலே ஆறு, கீழே ஆறு எனச் சிறு சதுரங்களும் ஒல்லியான குறுக்குச் சட்டங்களும் இருந்து கொம்பு இல்லையென்றால், அசலாகவோ அசலைப் பார்த்து ஒழுங்காகச் செய்ததாகவோ இருக்கும்.

அடைத்த ஜன்னலைக் கண்டால் உடனே 'ஜன்னல் வரி' என்று சொல்லிவிடாதீர்கள். வரி 1696 முதல் 1851 வரை இருந்தது உண்மை. ஆனால் பல குருட்டு ஜன்னல்கள் பிறவியிலேயே குருடு, பின்னால் புகைக்குழாய் ஓடுவதால் சமச்சீருக்காக வைத்தவை. சோதனை எளிது. அடைப்புச் செங்கல் ஓரச் சுவரோடு பின்னிப்போனால் தொடக்கத்திலிருந்தே அப்படி. இருபுறமும் மேலிருந்து கீழ்வரை நேர்க்கோட்டு விரிசல் போல மூட்டு தெரிந்தால் பிறகு அடைத்தது.

செங்கல், காரை, சுட்ட 'கல்'

சுவர் முகத்தில் ஒரே வரிசையில் நீளப் பக்கம் தெரியும் செங்கல்லும் தலைப்பக்கம் தெரியும் செங்கல்லும் மாறிமாறி வரும். இது ஃபிளெமிஷ் கட்டு. தலைப்பக்கம் தெரியும் கல் சுவருக்குள் குறுக்கே நுழைந்து முன்னடுக்கையும் பின்னடுக்கையும் பிணைக்க வேண்டும். அங்கேதான் மோசடி. முகத்துக்கு வாங்கும் நல்ல செங்கல் விலை அதிகம். பின்னால் மட்டமான கல்லை வைத்தார்கள். இரண்டின் கனமும் வேறு என்பதால் வரிசைகள் ஒத்துப்போகவில்லை. எனவே தலைக்கல்லைப் பாதியாக உடைத்து முகத்தில் மட்டும் செருகினார்கள். பார்வைக்குப் பிணைப்பு, உள்ளே ஒன்றுமில்லை. போதாததற்குச் சுவருக்குள் நீளவாக்கில் மரக்கட்டைகளைப் புதைத்தார்கள். ஈரம் ஏறியதும் அவை மக்கி, மேலேயுள்ள சுமை முன்னடுக்கின் தலையில் விழுந்தது.

இதன் விளைவைப் பார்க்க வரிசையின் மூலையில் சுவரை ஒட்டி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பாருங்கள். முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் இடையில் வயிறு தள்ளியிருந்தால் முன்னடுக்கு பிரிந்துவிட்டது. வட்டமாகவோ குறுக்காகவோ இரும்புத் தட்டு சுவரில் தெரிந்தால் யாரோ ஏற்கெனவே கவனித்துக் கம்பி போட்டு இழுத்திருக்கிறார்கள். மாடி உத்தரங்கள் பொதுச் சுவருக்குப் பொதுச் சுவர் ஓடும் வீடுகளில் முன்சுவரைப் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இருக்காது. ஜன்னலுக்கு மேலுள்ள தட்டை வளைவில் ஒரு கல் மட்டும் கீழே இறங்கியிருந்தால், பின்னால் ஒளிந்திருக்கும் மர விட்டம் உளுத்துப்போனதன் அடையாளம்.

காரை வரிகளுக்கு பைனாகுலர் வேண்டும். நல்ல இடத்தில் செங்கல்லின் நடுவே முடி போல நேரான வெள்ளைக் கோடு தெரியும். அது 'டக்' பாயிண்டிங். செய்முறை: செங்கல் நிறத்துக்குச் சாயம் சேர்த்த சுண்ணாம்புக் காரையால் மூட்டைச் சமமாக நிரப்பி, அது இளகலாக இருக்கும்போதே நேராக ஒரு கோடு கீறி, அதில் சுண்ணாம்புப் பசையும் மெல்லிய மணலும் கலந்த வெள்ளை நாடாவை 3 முதல் 5 மில்லிமீட்டர் அகலத்தில் ஒட்டி, இருபுறமும் வெட்டி நேராக்குவது. ஏறுக்குமாறான செங்கல்லைக்கூட அளவெடுத்து வைத்தது போல இது காட்டும்.

பிற்காலத்தில் இதைச் சிமென்ட்டால் செப்பனிட்ட இடங்களும் கண்ணில் படும்: சாம்பல் நிறம், தடித்த வரி, செங்கல் முகத்தின் மேல் ஏறிய விளிம்பு. இது அழகுப் பிரச்சினை மட்டுமல்ல. சுவருக்குள் போன ஈரம் சுண்ணாம்புக் காரை வழியாக வெளியேறும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் செங்கல் வழியாக வெளியேறப் பார்க்கும், உறைபனியில் அங்கேயே உறைந்து விரியும், செங்கல்லின் தோல் உரிந்து விழும். சிமென்ட் வரி நிமிர்ந்து நிற்கச் செங்கல் உள்வாங்கியிருந்தால் காரணம் இதுதான். மறுபடி சிமென்ட் போட்டு மூடுவதைவிடச் சும்மா விடுவது மேல்.

வாசல்களுக்கு வாருங்கள். வளைவைச் சுற்றிப் புழு அரித்தது போல வேலைப்பாடு செய்த வெளிர் கட்டைகள், உச்சியில் தாடிக்காரர் முகம். கல் என்று நினைப்பீர்கள், சுட்ட களிமண். எலினார் கோட் என்ற பெண் 1769 முதல் லாம்பெத்தில் நடத்திய தொழிற்சாலையின் சரக்கு. நயமான களிமண் 60 முதல் 70 சதவீதம், முன்பே சுட்டுப் பொடித்த களிமண் சுமார் 10, மீதி சிக்கிமுக்கிக் கல், மணல், கண்ணாடித் தூள். அச்சில் அழுத்தி, சூளையில் நான்கு நாள் சுட்டார்கள். இரண்டு அடையாளங்கள்: அச்சு ஒன்றே என்பதால் பக்கத்து வாசல்களில் அதே முகம், அதே தாடிச் சுருள் திரும்ப வரும், லண்டன் புகையில் சுண்ணாம்புக் கற்கள் மழுங்கிப்போயிருக்க, இது கூர்மையாகவே இருக்கும். கதவுக்கு மேலுள்ள அரைவட்டக் கண்ணாடியின் கம்பி வேலையில் வீட்டுக்கு வீடு மாற்றம் தேடுங்கள்.

கூரை தெருவிலிருந்து தெரியாது, ஆனால் கோளாறு தெரியும். கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் மறைவான வாய்க்கால் ஓடுகிறது. மரத்தின் இலை அதை அடைத்தால் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். உச்சித் தளத்தில் ஜன்னலுக்கு மேலே கறுத்த திட்டோ வெள்ளை உப்புப் பூப்போ இருந்தால் அந்த வாய்க்காலைச் சந்தேகப்படுங்கள்.

காலடியில்

நடைபாதைக்கும் வீட்டுக்கும் நடுவே கிராதி போட்ட பள்ளம் இருக்கும். அதன் அடியில் சமையலறைத் தளம். இது தோண்டிய நிலவறை என்று தோன்றினாலும் பாதிதான் உண்மை: தோண்டிய மண்ணைத் தெருவில் கொட்டித் தெருவையே உயர்த்தினார்கள். வீட்டின் பின்புறச் சந்துக்குப் போய்ப் பாருங்கள், நிலம் தாழ்ந்திருக்கும். குதிரையும் வண்டியும் நிறுத்திய கொட்டில்கள் அங்கேதான்.

நடைபாதைக் கல்லில் ஓர் அடி அகல வட்ட இரும்பு மூடி தெரிந்தால் அது நிலக்கரிக்கு. வண்டிக்காரர் அதைத் தூக்கி மூட்டையைக் கவிழ்ப்பார்; கரி நேராக நடைபாதைக்கு அடியிலுள்ள அறையில் விழும், வீட்டுக்குள் தூசி வராது. துளை சிறிதாக இருப்பதன் காரணம், ஆள் நுழையக் கூடாது.

கிராதியின் வயதுக்கு அடிப்பகுதியைப் பாருங்கள். பழைய வேலையில் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கல்லில் துளையிட்டு ஈயம் ஊற்றி நட்டிருக்கும். கீழே ஒரு குறுக்குப் பட்டை ஓடி, அதன் மேல் கம்பிகள் நின்றால் பிற்காலச் சட்டகம். இரண்டாம் உலகப் போரில் லண்டன் சதுக்கங்கள் பலவற்றின் கிராதியை இரும்புக்காக அறுத்தெடுத்தார்கள். கல் விளிம்பில் ஈயம் சூழ்ந்த இரும்புத் துணுக்குகள் வரிசையாகத் தெரிந்தால் அதன் மிச்சம். அவை துருவேறி வீங்கிக் கல்லைப் பிளந்துகொண்டிருக்கும்.

இப்போது தோட்டம்

நடுவிலிருப்பது நீள்வட்ட வடிவம், இரும்புக் கிராதி, பூட்டிய வாசல். சாவி சுற்றியுள்ள வீடுகளுக்கு. ஜூனில் லண்டனின் தனியார் தோட்டங்கள் ஒரு வாரக்கடைசிக்குத் திறக்கும்போது இதற்குள்ளும் போக வாய்ப்பு கிடைக்கும். மற்ற நாளில் வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும்.

சதுக்கத்தின் நடுவை வேலி போட்டு, வீட்டுக்காரர்களிடமே வரி வசூலித்துப் பராமரிக்கும் முறையை செயின்ட் ஜேம்ஸ் சதுக்கம் 1726-ல் நாடாளுமன்றச் சட்டத்தோடு தொடங்கியது. அதற்கு முன் சதுக்க நடுக்கள் குப்பை கொட்டும் இடமாகவும் இருந்தன. பதினெட்டாம் நூற்றாண்டுத் தோட்டம் திறந்த புல்வெளியும் சரளைப் பாதையும்தான். ஒரு வரிசை ஜன்னலிலிருந்து எதிர் வரிசை அரண்மனை தடையில்லாமல் தெரிந்தது. முக்கோண முகப்புகளை நான்கு பக்கத்திலும் வைத்தது அந்தப் பார்வைக்காகத்தான். 1800-க்குப் பிறகு ரசனை மாறியது. தோட்டக் கலைஞர் ஹம்ஃப்ரி ரெப்டன் ரஸ்ஸல் சதுக்கத்தில் ஓரமெங்கும் செடி அடர்த்தி வைத்து, உள்ளே நடப்பவர் தெருவுக்குத் தெரியாதபடி அமைத்தார். அந்தப் பாணியே எங்கும் பரவியது. ஓரப் புதரும் வளைந்த பாதையும் கண்டால் அது வீடுகளைவிட ஒரு தலைமுறையாவது இளையது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மரங்கள் லண்டன் பிளேன். பட்டை திட்டுத்திட்டாக உரிந்து மஞ்சளும் பச்சையுமாகத் தெரியும். கரிப்புகையையும் இறுகிய மண்ணையும் கடுமையான கவாத்தையும் தாங்கியதால் நகரமெங்கும் இதையே நட்டார்கள். பெர்க்லி சதுக்கத்தில் நிற்பவை 1789-ல் நட்டவை. தனித்தனியாக மரம் அழகு. சதுக்கமாக, கட்டடக் கலைக்கு இது செய்த கெடுதலும் உண்டு: நான்கு முகப்பும் ஒன்றையொன்று பார்க்கும் ஏற்பாட்டை ஆறு மாதம் முழுக்க மறைத்துவிடுகிறது. இதைச் சொன்னால் லண்டன்வாசிகள் கோபப்படுவார்கள்.

இந்த நடு இடங்கள் இன்னும் காலியாக இருப்பதற்கு 1931 லண்டன் சதுக்கப் பாதுகாப்புச் சட்டம் காரணம். 461 சதுக்கங்களில் கட்டடம் எழுப்புவதைத் தடுத்தது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் மார்னிங்டன் கிரெசன்ட் தோட்டத்தின் மேல் ஒரு சிகரெட் தொழிற்சாலையும், எண்ட்ஸ்லி தோட்டத்தின் ஒரு பகுதியில் குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையின் கட்டடமும் எழுந்துவிட்டன. சட்டம் காத்தது திறந்த நிலத்தை மட்டும். பூட்டைத் திறக்கச் சொல்லவில்லை.

கற்றதைச் சோதித்துப் பார்க்க

கிளம்பும் முன் நினைவுப் பலகைகளை ஒரு சுற்றுப் பாருங்கள்; வீட்டு எண்கள் கிழக்கு வரிசையின் தென்முனையில் தொடங்கி வடக்கு, மேற்கு, தெற்கு என்று போகும். 11-ல் விஞ்ஞானி ஹென்றி கேவன்டிஷ். 47-ல் 1849-ல் எலிசபெத் ரீட் பெண்களுக்காக பெட்ஃபோர்ட் கல்லூரியைத் தொடங்கினார். 49-ல் ராஜா ராம்மோகன் ராய் பெயர் இருக்கிறது.

அங்கிருந்து கிழக்கே ரஸ்ஸல் சதுக்கத்துக்கு நடங்கள். ஜேம்ஸ் பர்டன் கட்டிய வரிசைகளில் சுடுமண் அலங்காரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கோடு போட்டுப் பாருங்கள். அதன் வடமேற்கு மூலையை ஒட்டிய சோவாஸ் கல்லூரி வளாகத்தில் 1996-ல் வைத்த திருவள்ளுவர் சிலை இருக்கிறது. வடக்கே டாவிஸ்டாக், கோர்டன் சதுக்கங்கள் பிந்தைய கட்டடக்காரர் தாமஸ் கியூபிட்டின் காலம். வெண்காரை மேலே ஏறத் தொடங்குவதைக் காணலாம்.

கடினமான பரீட்சை ஃபிட்ஸ்ராய் சதுக்கம், மேற்கே பதினைந்து நிமிட நடை. கிழக்கு, தெற்கு வரிசைகள் கட்டடக் கலைஞர்களான ஆடம் சகோதரர்கள் 1790-களில் தொடங்கியவை, போர்ட்லாண்ட் என்ற வெளிர் சுண்ணாம்புக் கல். பிரான்ஸோடு போர் வந்து பணம் வற்றியது. மற்ற இரண்டு பக்கமும் 1827-க்கும் 1835-க்கும் இடையில் வெண்காரையில் முடிந்தன. பூசிய காரையில் கல் மூட்டு போலக் கோடு கீறியிருப்பார்கள். பெயின்ட் உரிந்த ஒரு மூலையைக் கண்டுபிடித்தால் அடியில் செங்கல் தெரியும்.